பிள்ளையின் கையில் ஒரு இருதயம்
(தரம் 1 முதல் தரம் 5 வரையிலான பிள்ளைகளுக்கான கைவேலைப் பாடம்)



செப்டெம்பர் 29ஆம் திகதி உலக இருதய தினம். இரண்டு நாள் கழித்து ஒக்டோபர் 1ஆம் திகதி சிறுவர் தினம். இந்த இரண்டு நாளையும் மனதில் வைத்து இந்தப் பாடத்தை எழுதுகிறேன். பாடத்தின் பொருள் இருதயம். இதில் ஆறு கைவேலைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாகச் செய்தாலும் சரி, போயா லீவில் இரண்டு மூன்றைச் சேர்த்துச் செய்தாலும் சரி. கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமான் எதுவும் இல்லை.

பாடத்தின் நோக்கம் மூன்று. முதலாவது, பிள்ளையின் கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யப் பழக வேண்டும். இரண்டாவது, தன் உடம்புக்குள் இருக்கும் இருதயத்தைப் பற்றிப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது, மனதில் இருப்பதைச் சொல்ல அதற்கு ஒரு வழி கிடைக்க வேண்டும்.

தேவையான பொருட்கள்

எழுதி முடித்த கொப்பியின் தாள்கள், பழைய பத்திரிகை, பழைய கலண்டர், பிஸ்கட் பெட்டி மட்டை, பென்சில், முனை மழுங்கிய கத்தரிக்கோல், அடுப்புக் கரி, மஞ்சள் தூள், சவுக்காரம், கோதுமை மா.

பசை இப்படிக் காய்ச்சலாம். இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை ஒரு கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைக்க வேண்டும். பிறகு குறைந்த நெருப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தால் பளபளப்பாக இறுகி வரும். அதை ஆறவிட்டுப் பாவிக்கலாம். அடுப்பு வேலை பெரியவர்களுடையது, பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அன்றன்றைக்குத் தேவையான அளவு காய்ச்சினால் போதும். மீந்ததை வைத்தால் புளித்துவிடும், கரப்பானும் வரும்.

முதலாவது வேலை: கைமுட்டி இருதயம்

பிள்ளையைக் கையை மூடி முட்டியாகத் தாள்மேல் வைக்கச் சொல்லுங்கள். சுற்றிப் பென்சிலால் கோடு போடட்டும். "உன்னுடைய இருதயம் ஏறக்குறைய இவ்வளவுதான்" என்று சொல்லுங்கள். பக்கத்திலேயே அம்மாவின் கைமுட்டியையும் தாத்தாவின் கைமுட்டியையும் வரையட்டும். ஆள் வளர இருதயமும் வளரும் என்று பிள்ளை தானாகவே கண்டுகொள்ளும். வளர்ந்த ஆளின் இருதயம் ஏறக்குறைய 300 கிராம் நிறை இருக்கும்.

அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் இடது பக்க நெஞ்சைக் காட்டுவார்கள். உண்மையில் அது நெஞ்சின் நடுவில் இருந்து இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. மட்டையில் ஒரு ஆள் உருவம் வரைந்து, வெட்டிய கைமுட்டித் தாளை சரியான இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். தரம் 1, 2 பிள்ளைகளுக்கு இந்த வேலை போதும்.

இரண்டாவது வேலை: மடித்து வெட்டும் இருதயம்

நாம் இருதயம் என்று வரையும் உருவம் உண்மையான இருதயம் மாதிரி இருக்காது. மேலே இரண்டு வளைவு, கீழே ஒரு கூர், அது ஒரு அடையாளம்தான். பிரான்ஸ் நாட்டில் 15ஆம் நூற்றாண்டில் சீட்டுக்கட்டில் அந்த அடையாளத்தைப் போட்டார்கள். நம்ம ஆட்கள் கடுதாசி விளையாடும்போது ஆட்டின் என்று சொல்கிறார்களே, அதே உருவம்தான்.

தாளை இரண்டாக மடியுங்கள். மடிப்புப் பக்கத்தை ஒட்டி அரை இருதயம் வரைய வேண்டும். பார்ப்பதற்கு அது ஒரு காது மாதிரி இருக்கும். மடிப்பைப் பிரிக்காமல் கோட்டின்மேல் வெட்டி விரித்தால் முழு இருதயம் வரும். திறந்திருக்கும் பக்கத்தில் வரைந்துவிட்டால் இரண்டு துண்டாக வந்துவிடும். அப்படி வந்தாலும் பிள்ளையை ஏசாதீர்கள். "ஏன் ரெண்டா வந்துச்சி, பார்ப்போமா?" என்று கேட்டால், அடுத்த தாளில் அதுவே திருத்திக்கொள்ளும்.

மடிப்புக் கோட்டின் இரண்டு பக்கமும் ஒன்று போலவே இருப்பதைக் காட்டுங்கள். இதற்குப் பெயர் சமச்சீர். கணித பாடத்தில் அந்தச் சொல் வரும்போது பிள்ளைக்கு இந்தத் தாள் ஞாபகம் வரும். கத்தரிக்கோல் பிடிக்க முடியாத சின்னப் பிள்ளை கோட்டின்மேல் விரலால் மெதுவாகக் கிழிக்கலாம். அதுவும் விரலுக்கு நல்ல பழக்கம்.

மூன்றாவது வேலை: இலை இருதயம்

இருதய உருவத்தில் இலை தேடிவரப் பிள்ளைகளை அனுப்புங்கள். வெற்றிலை, மிளகுக்கொடி இலை, வத்தாளங்கொடி இலை, சேம்பு இலை, அரசிலை எல்லாம் அந்த உருவம்தான். தேயிலை அப்படி இல்லை. அது நீளமாக, ஓரத்தில் அரம் மாதிரிப் பல்லோடு இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வித்தியாசத்தைச் சொல்லட்டும்.

இங்கே மூன்று விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மருந்து அடித்த மலையில் இலை பறிக்கக் கூடாது. சேம்பு இலையின் பால் பட்டால் அரிக்கும். அரச மரம் கோயிலிலும் பன்சலையிலும் வணங்குகிற மரம், ஆகவே கீழே விழுந்த இலையை மட்டும் எடுக்க வேண்டும்.

இலையின் அடிப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து அதன்மேல் மெல்லிய தாளை வையுங்கள். கரித்துண்டைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தால் நரம்பெல்லாம் தாளில் எழும்பி வரும். நடுவில் ஒரு பெரிய நரம்பு, அதிலிருந்து சின்ன நரம்புகள், அதிலிருந்து இன்னும் சின்னது. மலைக்குப் போகிற பெரிய ரோட்டிலிருந்து நிரைக்கு நிரை ஒற்றையடிப் பாதை பிரிகிற மாதிரி. நம்ம உடம்பிலும் இருதயத்திலிருந்து இரத்தக் குழாய்கள் இப்படித்தான் பிரிந்து பிரிந்து விரல் நுனி வரைக்கும் போகின்றன.

நான்காவது வேலை: மஞ்சளில் வரும் சிவப்பு

பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கிற வேலை இதுதான். அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூளை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, வெள்ளைத் தாள் முழுவதும் துணித்துண்டால் பூசிக் காயவையுங்கள். இன்னொரு கோப்பையில் சவுக்காரத்தைக் கரைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை அந்தச் சவுக்காரத் தண்ணீரில் விரலைத் தோய்த்து மஞ்சள் தாளில் இருதயம் வரையட்டும். விரல் போன இடமெல்லாம் சிவந்துவரும்.

காரணத்தையும் சொல்லுங்கள். மஞ்சளின் நிறம் காரத்தன்மை உள்ள பொருளோடு சேர்ந்தால் சிவப்பாக மாறும். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும், மஞ்சள் கறை பட்ட சட்டைக்குச் சவுக்காரம் போட்டதும் சிவப்பதும் இதனால்தான். சிவந்த இடத்தில் ஒரு சொட்டு தேசிக்காய்ச் சாறு விட்டால் திரும்பவும் மஞ்சளாகிவிடும். தேசிக்காய் புளிப்பு, அது காரத்தை முறிக்கிறது. பிள்ளைகள் கையில் சுண்ணாம்பைக் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் ஆபத்து. இந்த வேலைக்குச் சவுக்காரமே போதும்.

மண்ணிறம் வேண்டுமென்றால் நம்மிடம் இருக்கவே இருக்கிறது தேயிலை. சாயம் இறக்கின தூளை இன்னொரு தரம் கொதிக்கவைத்து வற்றவிட்டால் நல்ல வர்ணம் கிடைக்கும். ஒரு தரம் பூசினால் இளம் நிறம். காய்ந்த பிறகு மறுபடி மறுபடி பூசினால் நிறம் கூடிக்கொண்டே போகும்.

ஐந்தாவது வேலை: இருதயத்தைக் கேட்கும் குழாய்

1816ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் லெனெக் என்ற டொக்டர் ஒரு பெண் நோயாளியைப் பார்த்தார். நெஞ்சில் காது வைத்துக் கேட்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். அது சரியாகப் படாததால் அவர் சில காகிதத் தாள்களை இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை நெஞ்சிலும் மறு முனையைத் தன் காதிலும் வைத்தார். சத்தம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. இன்று டொக்டர்மார் கழுத்தில் போட்டிருக்கும் குழாய் அப்படித்தான் தொடங்கியது.

நம்ம பிள்ளையும் அதையே செய்யலாம். கலண்டர் தாளை விரல் நுழையும் அகலத்துக்குச் சுருட்டி, பசை போட்டு ஒட்டி, வெளியில் வர்ணம் பூசட்டும். காய்ந்த பிறகு தங்கச்சியின் நெஞ்சில் வைத்துக் கேட்கட்டும். ரேடியோ, டீவியை நிறுத்திவிட்டு, எல்லாரும் கொஞ்சம் சத்தம் போடாமல் இருக்க வேண்டும். "லப் டப், லப் டப்" என்று கேட்கும்.

தரம் 3க்கு மேற்பட்ட பிள்ளைகள் எண்ணலாம். 30 செக்கன் எண்ணி இரண்டால் பெருக்கினால் ஒரு நிமிடக் கணக்கு வரும். சும்மா இருக்கும்போது ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்கு 70க்கும் 110க்கும் இடையில் இருக்கலாம். பெரியவர்களுக்கு 60க்கும் 100க்கும் இடையில். பிறகு லயத்துப் படியில் இரண்டு தரம் ஏறி இறங்கிவிட்டு எண்ணட்டும். கணக்கு கூடியிருக்கும். சின்னச் சின்னக் காகித இருதயங்கள் வெட்டி, ஒன்றுக்குப் பத்துத் துடிப்பு என்று வைத்து, சும்மா இருந்தபோது ஒரு வரிசை, ஓடிய பிறகு ஒரு வரிசை என்று ஒட்டினால் ஒரு படவரைபு வந்துவிடும்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 70 என்றால் ஒரு நாளைக்கு எத்தனை? 70ஐ 60ஆல் பெருக்கி, திரும்ப 24ஆல் பெருக்கினால் 100,800. நாம் தூங்கும்போதும் அதற்கு லீவு இல்லை.

பெற்றோர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டிய பகுதி

இருதயத்துக்குள் நான்கு கதவுகள் இருக்கின்றன. இரத்தம் ஒரு பக்கமாகப் போவதற்கும் திரும்பி வராமல் இருப்பதற்கும் அந்தக் கதவுகள் உதவுகின்றன. குழாயில் பிள்ளை கேட்ட "லப் டப்" அந்தக் கதவுகள் மூடுகிற சத்தம்.

இந்தக் கதவுகளைக் கெடுக்கிற ஒரு வியாதி இருக்கிறது. வாதக் காய்ச்சல் என்று சொல்வார்கள். கூடுதலாக 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு வருகிறது. அதற்கு முன்னால் வருவது சாதாரணத் தொண்டை நோவு மாதிரித்தான் இருக்கும். ஒருவகைக் கிருமியால் தொண்டை புண்ணாகி, காய்ச்சல் வந்து போய்விடும். நாமும் கொத்தமல்லி அவித்துக் கொடுத்து, "சரியாப் போச்சி" என்று விட்டுவிடுவோம். இரண்டு மூன்று கிழமை கழித்துப் பிள்ளைக்கு முழங்கால் வீங்கி நோகும். பிறகு அது குறைந்து கணுக்காலுக்கோ முழங்கைக்கோ மாறும். காய்ச்சலும் இருக்கும். சில பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும். இதைச் "சுளுக்கு", "வளர்ற நோவு" என்று எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் இருந்தால், மூட்டு நோவு போய்விடும், இருதயக் கதவில் ஏற்பட்ட பழுது போகாது.

ஒரே காம்பராவில் நெருக்கமாக இருந்து நெருக்கமாகப் படுக்கிற இடத்தில் இந்தக் கிருமி ஒருவரிலிருந்து ஒருவருக்குச் சுலபமாகப் பரவும். ஆகவே நம்ம லயங்களில் இதைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். செய்ய வேண்டியவை இவைதான்.

1. காய்ச்சலோடு தொண்டை நோவு, விழுங்க முடியாமை, கழுத்தில் கட்டி இருந்தால் பிள்ளையைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கோ அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.

2. கொடுத்த மருந்தைச் சொன்ன நாள் வரைக்கும் முழுவதும் கொடுங்கள். இரண்டு நாளில் சுகமாகிவிட்டது என்று நிறுத்தாதீர்கள். மிச்ச மருந்தை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

3. மூட்டு மாறி மாறி நோகிறது, ஓடி விளையாடிய பிள்ளை படியேற மூச்சு வாங்குகிறது என்றால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். பேர் போனாலும் பரவாயில்லை, அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

4. வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒரு தரம் ஊசி போடச் சொல்வார்கள். அது பல வருஷம் போகும். பிள்ளை நல்லாத்தானே இருக்கு என்று அந்த ஊசியை விட்டுவிடக் கூடாது. அடுத்த தடவை வராமல் தடுப்பதற்குத்தான் அந்த ஊசி.

காகிதக் குழாய் வியாதி பார்ப்பதற்கு அல்ல. அதில் கேட்டு நாமே முடிவு எடுக்கக் கூடாது. ஆனால் தன் இருதயத்தை ஒரு தரம் கேட்ட பிள்ளை, "அம்மா, எனக்கு இங்க ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லப் பயப்படாது.

ஆறாவது வேலை: நாலு காம்பரா இருதயம்

நமக்கு லயத்தில் ஒரு காம்பரா, ஒரு இஸ்தோப்பு. இருதயத்துக்கோ மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு காம்பரா. இதை வைத்து ஒரு வேலை.

பெரிய இருதயம் ஒன்றை வெட்டி நான்காகக் கோடு போடுங்கள். முதல் காம்பராவில் "என்னைப் பார்த்துக்கொள்கிறவர்கள்". இரண்டாவதில் "எனக்குச் சந்தோஷம்". மூன்றாவதில் "எனக்குப் பயம்". நான்காவதில் "எனக்கு வேண்டும்". பிள்ளை எழுதலாம் அல்லது வரையலாம். அதன்மேல் அதே அளவில் இன்னொரு இருதயம் வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டினால் கதவு மாதிரித் திறந்து மூடலாம். திறப்பதா மூடுவதா என்பது பிள்ளையின் விருப்பம். காட்ட மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

பிள்ளைகள் வகுப்பு ஒன்றில் இதைச் செய்தபோது, எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று நான்காவது காம்பராவில் ஒரு டெலிபோன் வரைந்திருந்தது. பக்கத்தில் ஒரு சூரியன். பொம்மை கேட்கும், சைக்கிள் கேட்கும் என்று பார்த்திருந்த தகப்பனுக்கு அது விளங்கவில்லை. பிள்ளையிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. தாய் குவைத்தில் வீட்டு வேலை. அங்கே வேலை முடித்து இரவு ஒன்பது மணிக்குப் பேச எடுத்தால் இங்கே பதினொன்றரை. பிள்ளை தூங்கிவிடும். அம்மா தினம் பேசுகிறார், தகப்பனோடு. பிள்ளை அவர் குரலைக் கேட்டு நாளாகிறது. பிள்ளை கேட்டது டெலிபோன் அல்ல, வெளிச்சம் இருக்கும்போது அம்மா பேச வேண்டும் என்பதைத்தான்.

அதற்குப் பிறகு தாய் இரவில் தன் குரலைப் பதிந்து போனில் அனுப்புகிறார். காலையில் பள்ளிக்கூடம் போக முன்னால் பிள்ளை அதைக் கேட்கிறது, பதிலும் பேசி அனுப்புகிறது. இதற்குப் புதிதாக ஒரு சதமும் செலவாகவில்லை. யாரும் அந்தப் பிள்ளையிடம் கேட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது காம்பராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயம் என்ற இடத்தில் பிள்ளை என்ன வரைந்தாலும் சிரிக்காதீர்கள். "எங்க மானத்த வாங்குறியா?" என்று அடிக்காதீர்கள். அடுத்த வீட்டில் சொல்லிச் சிரிக்காதீர்கள். இருட்டு, அட்டை, நாய் என்று வரைந்தால் பேசித் தேற்றலாம். அப்பா குடித்துவிட்டு வருகிற இரவை வரைந்தால் அப்பாதான் யோசிக்க வேண்டும். யாராவது அடிக்கிறார்கள், தொடக்கூடாத மாதிரித் தொடுகிறார்கள் என்று தெரிந்தால் மூடி மறைக்க வேண்டாம். பிள்ளையை நம்புங்கள். சிறுவர்களைப் பாதுகாக்கும் 1929 என்ற இலக்கத்துக்கு இலவசமாகப் பேசலாம். இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம்.

"சித்திரம் சோறு போடுமா?"

சில அப்பாமார் இப்படிக் கேட்கிறார்கள். "ஸ்கொலர்ஷிப் சோதினை வருது, இந்த நேரம் படம் கீறிக்கிட்டு இருக்கிறதா?" என்றும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். பிள்ளை படித்து மேலே வர வேண்டும் என்ற ஆசையில்தான் கேட்கிறார்கள்.

மேலே சொன்ன வேலைகளைத் திரும்பிப் பாருங்கள். மடித்து வெட்டியதில் சமச்சீர் வந்தது. துடிப்பு எண்ணியதில் பெருக்கலும் படவரைபும் வந்தது. இலையிலும் மஞ்சளிலும் சுற்றாடல் பாடம் வந்தது. கொழுந்து எடுக்கிற ஒரு அம்மாவின் விரலைப் பாருங்கள். இரண்டு இலையும் மொட்டும் தானாகக் கையில் வருகிறது. அந்த விரல் ஒரே நாளில் பழகியதல்ல. பென்சில் பிடிக்கிற விரலும் அப்படித்தான். கிழிக்கவும் வெட்டவும் ஒட்டவும் பழகிய விரல், எழுதும்போது சீக்கிரம் களைக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வேலையைத் தொடங்கி, தானே முடித்து, "இது நான் செஞ்சது" என்று சொல்கிற பிள்ளைக்கு ஒரு தைரியம் வரும். சோதினை மண்டபத்திலும் அந்தத் தைரியம் தேவை.

ஆகவே பிள்ளை செய்ததை அடுப்புப் பற்றவைக்க எடுக்காதீர்கள். காம்பராச் சுவரில் ஒரு நூல் கட்டித் தொங்கவிடுங்கள். "யாருடையது நல்லா இருக்கு" என்று அக்காவோடும் தம்பியோடும் ஒப்பிட வேண்டாம். "இத எப்படிச் செஞ்ச?" என்று கேளுங்கள். வேலை முடிந்து களைத்து வருகிற நேரம் என்பது தெரியும். பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

பிள்ளைகளுக்கான கேள்விகள்

1. உங்கள் இருதயம் ஏறக்குறைய எவ்வளவு பெரியது?
2. இருதயத்துக்குள் எத்தனை காம்பரா, எத்தனை கதவு இருக்கின்றன?
3. மஞ்சள் பூசிய தாள் சவுக்காரத் தண்ணீர் பட்டதும் ஏன் சிவந்தது?
4. உங்கள் இருதயம் ஒரு நிமிடத்துக்கு 90 தரம் துடித்தால் ஒரு நாளைக்கு எத்தனை தரம் துடிக்கும்?
5. உங்கள் வீட்டைச் சுற்றி இருதய உருவ இலை எத்தனை வகை கண்டீர்கள்?

நான்காவது கேள்விக்கு விடை 129,600. பிள்ளை கணக்கைச் செய்து பார்க்கும் வரை விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

செய்து முடித்த வேலைகளைச் சிறுவர் தினத்துக்கு முன்னால் உங்கள் பிரிவின் பிள்ளைக் காம்பராவில் கொடுத்தால் சுவரில் ஒட்டிவைப்போம். நாலு காம்பரா இருதயத்தை மட்டும் கொண்டுவர வேண்டாம். அது பிள்ளைக்கும் உங்களுக்கும் இடையில் இருக்கட்டும்.